நான் எழுதாத நாலு நாள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றை போர்வெல் லாரியில் ஆரம்பித்து மூன்று லாரிக்கு முதலாளியானேன். இணையத்தில் பிளாக் எழுதுவதிலும் யாருக்கும் சளைக்கவில்லை; ஆறு மாதம் விடாமல் தினம் ஒரு பதிவு போட்டேன். பிறகு சொல்ல விஷயம் தீர்ந்தது, காய்ச்சலும் வந்தது, நாலு நாள் எழுதவில்லை. வேகத்தைக் குறைத்தால் படிக்கிறவர்கள் போய்விடுவார்களோ என்ற கவலையோடுதான் வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒல்லியான ஆள், காது மறைய மப்ளர். செல்போனில் என் பதிவை உதடு அசையப் படித்தார். மலையில் வளைவு வரும்போதெல்லாம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வளைவு முடிந்ததும் எடுப்பார்.

“அதை எழுதினது நான்தான்” என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா? நாலு நாளா ஒன்னும் காணோமே, இன்னா ஆச்சுங்க?”

“காய்ச்சல்.”

“நல்லதாப் போச்சுங்க. புதுசா ஒன்னும் வரலன்னு, நீங்க முன்ன எழுதின தண்ணி வராத போர்வெல் கதையவே நாலு நாளா படிச்சிக்கினு இருக்கேன். உங்களுக்கு எழுத வரும்னு இப்பதான் தெரிஞ்சுது.”

“அப்போ வாரத்துக்கு ஒன்னு போதுமா?”

“அது கம்மிங்க. தினம் போடுங்க. நான் தினம் பஸ்ல போறவனாச்சே.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிறவன் நான். இவர் புகழ்ந்தாரா, இடித்தாரா என்று மட்டும் பிடிபடவில்லை. இன்றைக்கு ஒரு பதிவு எழுதி முடித்துவிட்டேன். போடுவதா, அவர் பழையதையே இன்னொரு தடவை படிக்கட்டும் என்று விடுவதா, தெரியவில்லை.