பஷீர் பாய் மற்றும் பலர்

ஈரக் குடைகளின் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்கால மாலை. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெருவில் எங்கள் வக்கீலின் வீடு. முன்னறையில் பெஞ்சு போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தோம்...

எல்லோரும் வேளச்சேரியில் ஆளுக்கொரு மனை வாங்கியவர்கள். அப்போது அங்கே தவளைச் சத்தம்தான் அதிகம். வீட்டு வசதித் திட்டத்துக்காக அந்த மனைகளைக் கையகப்படுத்துவதாக அரசு அறிவித்துவிட்டது. என் சேமிப்பு முழுவதும் அந்த மண்ணில்தான் கிடந்தது. அதை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவது என்று முடிவானது.

மனுதாரர் பட்டியலை நான்தான் தயாரித்திருந்தேன். யாருக்கும் வருத்தம் வரக்கூடாதென்று அகர வரிசையில். அதில் என் பெயர், அனந்தராமன், முதலில் வந்து நின்றது.

வக்கீல் பார்த்துவிட்டு, "அப்போ இனிமே இது அனந்தராமன் கேஸ். கோர்ட்ல உங்க பேரைத்தான் கூப்பிடுவா" என்றார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். காலையிலேயே மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். "கேஸ் போடுங்கோ, வேண்டாங்கல. ஆனா உங்க பேர் முன்னாடி வர வேண்டாம். ஆபீஸ்ல யாராவது பாத்து வெச்சுண்டா?"

"சார், மனை நம்பர் வரிசைல போட்டா இன்னும் முறையா இருக்குமோ..." என்று இழுத்தேன்.

முதல் மனை பஷீர் பாயுடையது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

"சாருக்கு பயம்பா! இன்னா சார், பேரு போட்டா தூக்குலயா போடப் போறான்? என் பேர போடுங்க வக்கீல் சார். கடை போர்டுல பெருசா கீது, கோர்ட்லயும் இருக்கட்டும்!"

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நான் ஏழாவது மனுதாரர் ஆனேன்.

ஆனால் வேலை என்னுடையதுதான், நண்பர்களே. பத்திரங்களை வருவாய்த்துறை நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். ஆட்சேபணை கேட்கும் நோட்டீஸ்கள் எல்லாம் நிலத்தை எங்களுக்கு விற்றுவிட்டுப் போனவர் பெயருக்கே போயிருந்தன. எங்களில் ஒருவரையும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. அதைக் கண்டுபிடித்தபோதுகூட, தவறாகப் படிக்கிறேனோ என்று மறுபடி மறுபடி பார்த்துவிட்டுத்தான் வக்கீலிடம் வாயைத் திறந்தேன்.

அந்த ஒரு காரணத்தால்தான் கையகப்படுத்தல் ரத்தானது.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வராந்தாவில் வக்கீல் பஷீர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் இரண்டு கையிலும் பைல் கட்டு...

அதன் பிறகு அது பஷீர் கேஸ். திருவான்மியூர்ப் பக்கம் இதே சிக்கலில் இருந்தவர்கள் அவர் கடையைத் தேடிப் போனார்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "கேஸ் என்து, மூளை சாருது. போயி அவர பாரு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். வந்தவர்கள் என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே, "பாய்க்கு இன்னா தைரியம் சார்!" என்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைகள் மீண்டு, நான் வீடு கட்டிக் குடிபோன அன்று என் மனைவியே சொன்னாள், "அந்த பாய் மட்டும் முன்னாடி நிக்கலேன்னா நமக்கு இந்த வீடு ஏது?"

யார் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவளிடமும் எனக்குப் பயம்தான்.

இப்போது வேளச்சேரியில் தவளை இல்லை, ரயில் சத்தம் இருக்கிறது. போன வாரம் பஷீர் பாய் போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது, சிரிப்பு தளரவில்லை.

"சார், பேரன் போன்ல என் பேர அடிச்சான். நம்ம கேஸ் வருது சார்! இன்னா மஜா!"

'நம்ம கேஸ்' என்கிறார். இத்தனை தாராளமான மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவது கஷ்டமான காரியம். இருந்தாலும் படுகிறேன்.

போனை வைத்ததும் என் பெயரை அடித்துப் பார்த்தேன். யாரோ ஓர் அனந்தராமன் வந்தார், பல் டாக்டர். பிறகு அவர் பெயரை அடித்தேன். உடனே வந்தது... 'பஷீர் மற்றும் பலர்'.

அன்று என் பெயர் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று நடுங்கினேன். இன்று அந்தப் 'பலர்' என்ற சொல்லை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.