கடைசி நாலு அடி

ஆர்லீன் டட்டில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எங்கள் பாலைவன ஊரில் அவள் வண்டி யாருக்காகவும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது, அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

லீவு நாளில் அவளுக்கு மலைதான். எங்கள் மலையேறும் சங்கத்தின் பட்டியலில் நூறு சிகரங்கள். நூறையும் முடித்தவர்களின் பெயர்களோடு அவள் பெயரும் ஒரு காலத்தில் சங்கத்துச் சுவரில் இருந்தது. மூன்று வருடம் முன்பு அவளே வந்து அதை அடித்துவிட்டுப் போனாள். காரணம் டின்கப் மலை. அதற்கு இரண்டு தலை. இருபத்திரண்டு வருடம் முன்பு வடக்குத் தலையில் ஏறி, கற்குவியலுக்கு அடியில் இருந்த தகர டப்பாவைத் திறந்து, அதற்குள் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு யாரோ புதுக் கருவி வைத்து அளந்து, தெற்குத் தலைதான் நாலு அடி கூடுதல் உயரம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்லீனுக்கு மனசு கேட்கவில்லை.

திரும்பப் போகவும் வழியில்லை. டின்கப் இருப்பது ராணுவம் குண்டு போட்டுப் பழகும் நிலத்துக்குள். ஆறு வருடம் முன்பு ஒரு கோஷ்டி இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கி வந்ததால் கேட்டை எல்லோருக்கும் மூடிவிட்டார்கள். அந்தக் கோஷ்டியை அவள் திட்டாத நாளில்லை. இந்த வருடம் அதிசயமாக ஒரு கடிதம் வந்தது. மார்ச்சில் ஒரே ஒரு நாள், நாலு பேர். காலை ஆறுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுவார்கள். ஒருவர் பிந்தினாலும் இனி எப்போதும் கிடையாது. மே மாதம் ஆர்லீனுக்கு முழங்கால் ஆபரேஷன். அதன்பின் மலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திட்டம் போடும் பொறுப்பு அவளுடையது. சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தாள். வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடப்பதால் வறண்ட ஓடையை விட்டு ஓரடி விலகக் கூடாது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு மணிக்கு உச்சியில் இல்லாதவர், எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்ப வேண்டும். கேட்டில் ரேடியோவோடு ஓர் ஆள்.

அதே தூரம், அதே ஏற்றம் உள்ள குன்று ஊருக்குப் பின்னால் இருக்கிறது. முப்பது வருடமாகக் கூடவே மலையேறும் டெல்பர்ட்டை அழைத்துக்கொண்டு, காலை ஆறுக்கே கிளம்பி அங்கே ஒத்திகை பார்த்தாள். உச்சியைத் தொட்டபோது மணி ஒன்று பத்து.

"உன் கடியாரம் ஃபாஸ்ட்டா ஓடுது" என்றான் டெல்பர்ட்.

"இதை நம்பித்தான் உன் புள்ளைங்க மூணு பேரையும் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டேன். அப்போ சரியாத்தானே ஓடுச்சு?"

"அன்னைக்கு வேகம் வரும் ஆர்லீன். ஆசை தூக்கிட்டுப் போயிடும்."

"ஆசை ஏறிடும்யா. எறங்குறது முட்டிதான்."

வெள்ளிக்கிழமை படிவத்தில் நாலு பெயர் எழுதினாள். காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்த பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜோலீனின் பெயர் நாலாவது. கேட்டில் நிற்கும் ஆள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு காரில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

கேட் திறந்த அந்த மார்ச் நாளில் பகல் முழுவதும் கேட்டருகே மடக்கு நாற்காலியில் பைனாகுலரோடு இருந்தாள். நாலு ஐம்பதுக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். டெல்பர்ட் முகமெல்லாம் புழுதி.

"டப்பா இன்னமும் வடக்குத் தலையிலதான் கெடந்துச்சு. உச்சி எதுவோ அங்கேதானே அது இருக்கணும்? தூக்கிட்டுப் போய்த் தெக்குத் தலையில வச்சிட்டோம்" என்றான்.

"நோட்டு?"

"உள்ளேதான். ஒன்பதாம் பக்கத்துல நீ இருக்கே. கையெழுத்து அப்பவே கோழி கிண்டின மாதிரிதான் இருக்கு."

ஆர்லீன் சிரித்தாள். உடனே கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் என்ன? உன் பேரு உச்சிக்குப் போயிடுச்சு. நாளைக்கே சுவத்துல எழுதிக்கலாம்."

"பேருதான் போயிருக்கு டெல்பர்ட். நான் போகல." நாற்காலியை மடக்கி வண்டியில் போட்டாள். "வண்டியில ஏறுங்க எல்லாரும். கேட்டு மூட இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு."