இஸ்தோப்பும் அரைக் கிளாஸும்

மரத்தடியில் இருந்தவர்கள்: என் ஆத்தாள். என் அண்ணன். அவன் கட்டி மூன்று மாதம் ஆன மதினி. பூசாரி. கால் கட்டிய ஒரு சேவல். ஒரு போத்தல் சாராயம். கடைசியாக நான். என் குடியை நிறுத்தத்தான் அந்தப் பூசை.

போத்தலை வாங்கி வந்ததும் நான்தான்.

"முனியாண்டிக்குச் சாராயம் வைக்காம என்னத்தக் கேக்குறது?" என்றாள் ஆத்தாள். "தவறணைக்கு வழி தெரிஞ்சவன் நம்ம வீட்டில நீதான். போய் வாங்கிட்டு வா."

அண்ணனுக்கும் வழி தெரியும். புது மாப்பிள்ளை. மேகத்தைப் பார்த்தான்.

எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. அடுப்பு, விறகு, படுக்கை எல்லாம் அந்த ஒரே அறையில். ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அன்று சாயங்காலம் என் பாய் வாசலுக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மீசை அரும்பியிருந்தது. அது போதும். அந்த மீசையை நான் பெருமை என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை சாய்ந்து அடித்தது. லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானும் இஸ்தோப்பும் ஒன்றாகிவிட்டன. என் கம்பளியில் ஒரு ஓட்டை. நான் எப்படிச் சுருண்டாலும் குளிர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

நான் மட்டும் இல்லை. அந்த வரிசையில் மீசை முளைத்தவன் எல்லாம் வெளியேதான். எங்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான். தோட்டத்து எல்லையில், ரோட்டோரம், சாராயம் விற்கும் தவறணை. அங்கே கூரை இருந்தது. கடலை வறுக்கக் கரி அடுப்பு எரிந்தது. அடுப்பை ஒட்டி ஒரு பலகை, அதில் என்னோடு ஏழு பையன்கள். அந்த மலையில் பொழுது சாய்ந்தபின் விளக்கு எரிந்த இடம் வேறு இல்லை. ஒரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால் நான் படித்துப் பெரிய ஆளாகியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் அடுப்புப் பக்கம்தான் தேடியிருப்பேன்.

முதல் நாள் சும்மாதான் உட்கார்ந்தேன். தவறணை முதலாளி விடவில்லை.

"குளிர் காயவா வந்த? குடிச்சா உக்காரு. இல்லாட்டி எழும்பு."

அரைக் கிளாஸ் வாங்கினேன். முதல் வாய் மூக்கு வழியாக வந்தது. பலகை முழுக்கச் சிரிப்பு.

"மூக்கால குடிக்கிறவன இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முனியாண்டி பூசாரி. மற்ற நாளில் தவறணையில்தான் இருப்பார்.

அரைக் கிளாஸை வெகுநேரம் வைத்துக்கொண்டிருப்பேன். தீர்ந்தால் எழும்ப வேண்டுமே.

"டேய், அது சாராயமா, தீர்த்தமா?" என்பார் முதலாளி.

ஒரு மாதத்தில் மூக்கு பழகிவிட்டது. பிறகு அரை போதவில்லை. குடித்துவிட்டு மலை ஏறும்போது எனக்குப் பாட்டு வரும். நல்ல குரல் என்று நினைத்தேன். லயத்து நாய்களும் அப்படித்தான் நினைத்தன, கூடவே பாடின. ஒரு நாள் கானில் விழுந்து அங்கேயே தூங்கிவிட்டேன். விடிந்ததும் சேறோடு, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கங்காணி மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா, வேலைக்கு வந்தியா, தேயிலைக்கு உரமா வந்தியா? போடா, இன்னிக்குப் பேரு இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்து நின்ன, பேரையே வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் கூலி இல்லை. அரிசி இல்லை. தோட்டத்திலேயே இடம் இல்லை. ஆத்தாள் இதைக் கேட்டு அழவில்லை. போய்ச் சேவலைப் பிடித்தாள்.

மரத்தடியில் பூசாரி சேவலை அறுத்தார். முனியாண்டிக் கல்லுக்குச் சாராயம் கொஞ்சம் ஊற்றினார். தனக்குக் கொஞ்சம் அதிகம் ஊற்றினார். சாமி வந்தது. சாமி ஆடும்போதும் கவ்வாத்துக் கத்தி பிடித்த மாதிரியே கை வீசியது.

"கேளுடி!"

"எம் புள்ள குடிய விடணும் சாமி."

சாமி என் பக்கம் திரும்பியது. "ஏண்டா குடிக்கிற?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"குளுருது சாமி. படுக்க எடமில்ல."

சாமியின் ஆட்டம் நின்றது. மரத்தை அண்ணாந்து பார்த்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கே கூரை இல்லடா! நானும் மழையிலதான் நிக்கிறேன்" என்றது. மீதிச் சாராயத்தையும் குடித்தது.

எங்கள் இருவர் நிலைமையும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அவருக்குச் சேவல் கொடுத்தார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அண்ணன் தரையைப் பார்த்தான். அப்போது மதினி வாயைத் திறந்தாள். வந்த மூன்று மாதத்தில் அவள் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை.

"அத்தை, கொழுந்தன் உள்ள வந்து ஒங்க பக்கம் படுக்கட்டும். நான் சாக்கு தைச்சு நடுவுல கட்டிக்கிறேன்."

"ஒனக்குத்தான் ஆயி சங்கடம்."

"இஸ்தோப்புல இவரு பாடுறதக் கேக்குறதவிடவா?"

அண்ணன் சிரித்தான். சாமியும் சிரித்த மாதிரி இருந்தது.

மதினி அரிசிச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, அறைக்கு நடுவே சுவர் மாதிரி தொங்கவிட்டாள். நான் அடுப்படியில் ஆத்தாளுக்குப் பக்கத்தில் படுத்தேன். சாம்பல் விடியும் வரை சூடாக இருந்தது. குடியை விட்டேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. எழுந்து மலை இறங்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். நான் திருந்தியது இப்படித்தான்.

முனியாண்டிதான் திருத்தினார் என்று ஆத்தாள் லயம் முழுக்கச் சொன்னாள். மற்ற ஆத்தாமார்களும் சேவல் வாங்கினார்கள். அந்த மாதம் பூசாரி நன்றாகக் குடித்தார். பையன்கள் பெயரில் சேவல் விழுந்தது. சாக்கை யாரும் கட்டவில்லை. மதினியைப் பற்றி ஆத்தாள் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை சாக்கால் திருந்தினான் என்றால் கேவலம் அல்லவா.

மாசியில் உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். வழியில் தவறணைக்குள் எட்டிப் பார்த்தேன். பலகையில் என் இடம் காலியாகக் கிடக்கும், என்னைத் தேடுவார்கள் என்று ஒரு நினைப்பு. யாரும் தலை நிமிரவில்லை. தையில் அடுத்த லயத்தில் ஒரு அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் தம்பி என் இடத்தில் உட்கார்ந்து, அடுப்புக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். பையன்களை எண்ணினேன்.

ஏழு பேர்.