மதிலடியில் கேட்ட தமிழ்

"பூனாவுலயா? ஒரே மாசத்துல அழுதுக்கிட்டு ஓடி வந்துருவ பாரு" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புணேயை ஒட்டிய போசரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பெரியப்பா சொன்ன அந்தச் சொல்லுக்காகவே, வீம்பில் ஒரு பண்டிகைக்கும் ஊருக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனிவார்வாடா கோட்டையின் மதில்மேல் நடந்து, தெற்கே பார்த்து நிற்பேன். கீழே தோட்டத்தில், படிக்கட்டுக்கு எதிர் பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். சுங்குடிச் சேலை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஷீரடிக்குப் போகும் நம் ஊர் டூர் பஸ்கள் வழியில் அங்கே நிற்கும். தமிழ்க் குரல் கேட்டால் அந்தப் பக்கம் காதைக் கொடுப்பார். பேச மட்டும் மாட்டார்.

ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இம்புட்டுப் பெரிய கோட்டையில ஒரு வாய் காப்பி கிடைக்கலையே!" என்று அலுத்துக்கொண்டே ஒருவர் படியிறங்கினார். அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

"போய்ப் பேசலாமேக்கா?" என்றேன்.

"பேசினா எந்த ஊருன்னு கேப்பாக. சொன்னா, எப்ப வாரீகன்னு கேப்பாக. வருசக்கணக்கா 'இந்தா வாரேன்'னு சொல்லியே ஓட்டிட்டேன். இப்ப அங்க நம்மளத் தேட ஆளில்ல தங்கச்சி. ஆமா, நீ எப்பப் போற?"

கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வர, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய ஊர் எதுவென்று கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டு, புணே ஸ்டேஷன் வரிசையில் நின்று தீபாவளிக்கு மதுரை டிக்கெட் எடுத்துவிட்டேன்.