கோவாப் பாத்தியில் மூன்று எருக்கள்

பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் சும்மா இருந்த மாதங்கள் அவை. ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஹட்டனில் படித்த ரசாயனம் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது, கொட்டத்தான் இடமில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணி, மாசித் திருவிழா அன்னதானத்துக்கு முப்பது கோவா, அதாவது முட்டைக்கோஸ், தருவதாகக் கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு இருந்ததோ மூன்றே பாத்தி. பாத்திக்குப் பன்னிரண்டு நாற்று.

"சாணத்தப் போட்டு நட்டுட வேண்டியதுதான்" என்றார்.

"எந்தச் சாணம்னு பாக்க வேணாமா அண்ணி? மாடு, ஆடு, கோழி மூணும் ஒண்ணா?"

"மூணும் நாறுது. அந்த வகையில ஒண்ணுதான்."

மறுநாளே மூன்று பால்மா டின்களை எடுத்துவந்தேன். ஒன்றில் எங்கள் பசுவின் சாணம், ஒன்றில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்களின் ஆட்டுப் புழுக்கை, ஒன்றில் எங்கள் கூட்டிலிருந்து கோழி எச்சம். ஒவ்வொன்றையும் தண்ணீரில் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். சுண்ணாம்பு பட்டால் எருவிலுள்ள அமோனியா ஆவியாகக் கிளம்பும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை அது நீலமாக்கும். தாள் பள்ளிக்கூடத்திலிருந்து என் சட்டைப் பையில் தானாக வந்து சேர்ந்திருந்தது.

சாணத்துக்கு மேலே பிடித்த தாள் யோசித்து யோசித்து லேசாக நிறம் மாறியது. புழுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல். கோழி டின்னை நெருங்கும்போதே தாள் நீலமாகி, என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர். புல்லின் நார் மெதுவாகத்தான் மக்கும். புழுக்கை காய்ந்தது, சத்துக் கூடியது, ஆனால் உருண்டை கரைய நாளாகும். கோழியோ தனியாக மூத்திரம் பெய்வதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாக இருப்பதே அதுதான். நைட்ரஜன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் மூக்கைப் பொத்தியபடி கடந்துபோனார்.

"ஹட்டனுக்கு அனுப்புனது இதுக்குத்தானா?"

மூன்று பாத்திக்கும் கோழி எரு கேட்டேன். அண்ணி ஒரு பாத்திதான் தந்தார். மற்ற இரண்டில் சாணம் ஒன்று, புழுக்கை ஒன்று. என் பாத்தியில், அன்று அள்ளிய எச்சத்தை ஒவ்வொரு நாற்றின் அடியிலும் தாராளமாகக் குவித்தேன்.

நான்காம் நாள் என் நாற்றுகளின் இலையோரம் தீயில் வாட்டியதுபோல் சுருண்டிருந்தது. அதற்கடுத்த நாள் பன்னிரண்டும் சாய்ந்துவிட்டன. அண்ணி கொழுந்துக் கூடையோடு வந்து நின்று பார்த்தார்.

"மலையில ஒரம் தூவறப்ப தூருல பட்டாலே கங்காணி ஊரு கேக்கக் கத்துவாரு. நீங்க தூருலயே கொட்டி வச்சிருக்கீங்களே தம்பி!"

ஒரு நாளும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து மலை வேலைக்குப் போயிராத எனக்கு அது தெரியாது. அந்த உர மூட்டையில் இருப்பதும் இதே நைட்ரஜன்தான்; அதன் சூத்திரம் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"மிச்சம் இருபத்திநாலு. கோயில்ல முப்பதுன்னு சொல்லிட்டேன். யாரு மொகத்துல முழிக்கிறது?" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நாற்றங்காலில் எட்டு நாற்றுதான் மீதியிருந்தது. குவித்ததையெல்லாம் வழித்தெடுத்து, சாணமும் மண்ணும் சேர்த்துக் கலந்து பத்து நாள் மழையில் ஆறவிட்டேன். பிறகு எட்டையும் நட்டு, கலவையைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டேன். காலையும் மாலையும் போய் எண்ணினேன். எட்டும் நின்றன. நின்றதோடு இல்லை, பிந்தி நட்டவை முந்தியவற்றை எட்டிப்பிடித்துத் தலை கட்டின. சாணப் பாத்தியில் மட்டும் ஒன்றைப் புழு தின்றுவிட்டது.

திருவிழாவுக்கு முப்பத்தொரு கோவா சாக்கில் போயிற்று. சமையல்காரர் என் பாத்தியில் விளைந்த ஒன்றைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

"இதுக்கு என்னம்மா போட்டீங்க?"

"எங்க தம்பியோட படிப்பத்தான் போட்டேன்" என்றார் அண்ணி. "மொதத் தடவ கொஞ்சம் கூடிப்போச்சு."