சீப்பண்ணன் வயிற்றில் ரெண்டு லிட்டர்

முடிதிருத்தும் கடை வைத்திருந்த சீப்பண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சிறுநீரகம் ரெண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு படுத்துக்கிடக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றின் வழியாகத் தானே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். மூன்று நாள் கடையைப் பூட்டினால் பிழைப்பு என்னாவது? அண்ணன் வயிற்றைத்தான் நம்பினார்.

வயிற்றில் குழாய் வைத்த பிறகு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

"உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்குண்ணே. சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணி ரெண்டு லிட்டர் விடுவோம். ரத்தத்துல இருக்கிற கழிவு சவ்வைத் தாண்டி அதுக்குள்ள வந்துரும். உடம்புல தேங்கின தண்ணியையும் சர்க்கரை இழுத்துக்கும்."

"கழிவை யாரு சிஸ்டர் தள்ளிவிடுறது?"

"யாரும் தள்ள வேணாம். நெரிசலான பக்கத்துலேருந்து காலியான பக்கத்துக்குத் தானா வரும்."

"எதிர்க்கடைக் கூட்டமும் அப்படி வந்தா நல்லாயிருக்கும்" என்றார் அண்ணன்.

தினம் நாலு தடவை தண்ணீர் மாற்றுவார். மதிய முறை கடையின் பின்னறையில். மின்விசிறியை நிறுத்தி, கையைத் தேய்த்துக் கழுவி, முகமூடி கட்டிக்கொள்வார். பழைய தண்ணீர் வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்; கலங்கலாக இருந்தால் உள்ளே கிருமி என்று அர்த்தம்.

ஒருநாள் தபால் குமாஸ்தாவுக்கு ஒரு கன்னம் மழித்து முடித்தபோது வயிறு சுருக்கென்று பிடித்தது. "ஒரு நிமிஷம் தம்பி" என்று உள்ளே போய்த் தண்ணீரை வடித்தார். வந்தது கஞ்சித்தண்ணி மாதிரி. கொட்டை எழுத்துத் தலைப்புகூடத் தெரியவில்லை.

அண்ணன் போட்ட சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த அவர் மனைவி கையைப் பிசைந்தார். குமாஸ்தா மேல்துண்டை உருவிப்போட்டு எழுந்தார்.

"அண்ணே, அந்தத் தண்ணிப் பையை எடுத்துக்குங்க, டாக்டர் பார்க்கட்டும். ஸ்கூட்டர் வாசல்லதான் நிக்குது."

"உன் இன்னொரு கன்னம்?"

"அது எங்கயும் ஓடிராது. ஏறுங்க."

சிக்னலில் நின்றவர்களெல்லாம் அந்த முகத்தையே பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில், யாருக்கு வைத்தியம் என்று காவலாளி குழம்பிப்போனார்.

கிருமித்தொற்றுதான். "உடனே வந்தீங்க, பையையும் கொண்டுவந்தீங்க. பாதி வேலை முடிஞ்சுது" என்றார் டாக்டர். மருந்தைத் தண்ணீரிலேயே கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். மூன்றாம் நாள் வலி விட்டது. ரெண்டே வாரத்தில் அண்ணன் பழையபடி கத்தரியும் கையுமாக நின்றார்.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த குமாஸ்தாவை அண்ணனின் மனைவி விடவில்லை. ஞாயிறு மதியம் இனி எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று கட்டளையே போட்டுவிட்டார். அவரும் கூச்சமில்லாமல் வந்து, மூன்றாவது தடவையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.