மூன்று புள்ளி வைத்த ப

சூளகிரி பக்கம் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் உத்தனப்பள்ளி. வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடமும் வாயில் வரும். ஆனால் பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டதால், எழுத்து என்று வந்தால் பின்னால் போய் நிற்கிற பெண்ணாகவே நாற்பத்தொரு வயதுவரை இருந்துவிட்டேன்.

ஈரானிலிருந்து முதல் ஆர்டர் வந்தபோது, சரக்கைச் சோதிக்க அங்கிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். என் வயதுதான் இருக்கும். பத்து நாளும் எங்கள் கேன்டீனில்தான் சாப்பாடு. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்காருவோம். ஒருநாள் பெட்டியில் ஒட்டுகிற, அவர்களுடைய பார்சி மொழி லேபிளைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒரு அட்டைத் துண்டைக் கிழித்து, என் மார்க்கரை வாங்கி, வலது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

நேராக நிற்கும் ஒரு கோடு, தலையில் சின்னத் தொப்பி. அது 'ஆ'. அடுத்து படகு போல ஒரு வளைவு, அடியில் ஒரு புள்ளி. அது பஸ்ஸில் வருகிற ப. இரண்டும் சேர்ந்தால் 'ஆப்', அதாவது தண்ணீர். அதே படகுக்கு அடியில் மூன்று புள்ளி வைத்தால் பல்லில் வருகிற ப. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்றேன். அவர் நம்பவே இல்லை. பம்புக்கு அவர்கள் சொல்வது 'பொம்ப்'; லேபிளில் அதுதான் முதலில், 'ஆப்' அதற்குப் பின். முன்னும் பின்னும் மூன்று புள்ளிப் ப, நடுவில் ம.

அவர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குப் பாதி எழுத்துகூடத் தெரியாது. மொத்தம் முப்பத்திரண்டு. மிச்சத்தைக் கைப்பேசியில் அனுப்பினார். நான் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவேன். தேனீ போல ரீங்கரிக்கிற ஒரே ஒலிக்கு நான்கு எழுத்து இருந்தது. இது எதற்கு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். எங்கள் ந எதற்கு, ன எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு எழுத்து மட்டும் பிடிகொடுக்கவில்லை. தொண்டை அடியிலிருந்து காறுவது போல வரவேண்டும். எனக்கு வெறும் 'க'தான் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்க்கா, தொண்ட கட்டிகிச்சா? மிளகு ரசம் வெச்சுக் குடிங்க."

"சளி இல்லம்மா. ஒரு எழுத்து வரமாட்டேங்குது."

பன்னிரண்டாவது பதிவுக்குத்தான் அவரிடமிருந்து சரி என்று பதில் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடுவரை அந்த எழுத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

இரண்டாவது ஆர்டருக்கு லேபிளை இங்கேயே அச்சடித்தார்கள். லாரி வந்து நிற்கிறது. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்ததும் கை நின்றுவிட்டது. வலது ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சேர்ந்து நிற்கவேண்டிய எழுத்துகளும் தனித்தனியாக நின்றன.

"சார், இது தப்பா இருக்குது," என்றேன் சூப்பர்வைசரிடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஒத்துப் பாத்தாச்சுக்கா. அதே எழுத்துதான். ஒட்டுங்க."

"எழுத்து அதேதான் சார். வரிச திரும்பிப் போச்சு. பம்ப் முன்னாடி வரணும், தண்ணி முன்னாடி வந்துடுச்சு. அதுவும் பின்னாலிருந்து."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"படிச்சேன் சார்."

அவர் என்னையும் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேனேஜரை அழைத்து வந்தார். மேனேஜர் ஈரான் பெண்மணிக்கே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். அச்சில் இருப்பதை வாசிக்கச் சொன்னார் அந்தப் பொறியாளர். வலமிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டார்.

"பொம்பே ஆப்," என்றேன். நடுவில் வரும் அந்த 'ஏ' எழுத்தில் இருக்காது, வாயில்தான் வரும். அதையும் விடவில்லை.

"ஆஃபரின்!" என்றது போன்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் மேனேஜர்.

"சபாஷ்னு சொல்றாங்க சார்."

கம்ப்யூட்டர் எழுத்துகளை உடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மறுநாள் மதியத்துக்குள் புது லேபிள் வந்தது. வரிசை சரி, புள்ளி சரி, எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. இனி இந்த லேபிள் என் கையெழுத்து இல்லாமல் பெட்டியில் ஏறக்கூடாது என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். முதல் பெட்டியில் நானே ஒட்டினேன்.

சாயங்காலம் டீ நேரத்தில் பேக்கிங்கில் இருக்கும் ஐந்து பெண்களும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எம்பேர அந்த எழுத்துல எழுதிக் குடுங்கக்கா."

ஐந்து பெயரையும் அட்டைத் துண்டுகளில் வலமிருந்து எழுதி, ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். ஒருத்தி தன்னுடையதை அடையாள அட்டை உறைக்குள், தன் போட்டோவுக்குப் பின்னால் சொருகிக்கொண்டாள்.